பிங்கன் ஹில்டகார்ட்: எங்கள் வன்னிப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

மடுவுக்குப் போகும் வழியில் ஒரு சிறிய பங்கு எங்களுடையது. அங்கே ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். போன புரட்டாதியில், செப்டெம்பர் 17ஆம் திகதிக்குரிய புனிதரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம் என்று தொடங்கினேன். பிள்ளைகள் விடவில்லை; மூன்று ஞாயிறு ஓடிப்போயிற்று. பிறகு தாய்மார் கேட்டார்கள். கோயிலுக்கே வராத எங்கள் ஊர்ப் பரியாரியாரும் படலையில் மறித்துக் கேட்டார். சொன்னதையெல்லாம் எழுதி வைத்தால் மற்றப் பங்குகளில் படிப்பிக்கிறவர்களுக்கும் உதவும் என்று பட்டது. கேள்விகள் அவர்களுடையவை.

யார் இந்த ஹில்டகார்ட்?

ஜெர்மனியில் ரைன் ஆற்றுப் பக்கம் 1098ஆம் ஆண்டு பிறந்த ஒரு துறவி. ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியாஸ்திரி. 81 வயது வரை வாழ்ந்து, 1179 செப்டெம்பர் 17இல் இறந்தார். இரண்டு மடங்களை நிறுவினார். மூன்று பெரிய இறையியல் நூல்கள், மூலிகைகளையும் நோய்களையும் பற்றிய நூல்கள், எழுபதுக்கு மேற்பட்ட பாடல்கள், ஒரு இசை நாடகம், முந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் இவ்வளவும் அவருடைய பெயரில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பெண்கள் எழுதுவதே அரிதாக இருந்த காலம் அது.

சின்னப் பிள்ளையை மடத்துக்குள் அடைத்து வைத்தார்களாமே?

ஆம். இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு பெண்பிள்ளையின் முகம் வாடிப்போனது, எனக்கு நல்ல ஞாபகம். ஹில்டகார்ட் ஒரு பிரபுக் குடும்பத்தின் பத்தாவது பிள்ளை என்று சொல்வார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுப்பதுபோல, பத்தாவது பிள்ளையைக் கடவுளுக்குக் கொடுத்தார்கள். எட்டு வயதிலேயே நேர்ந்துவிட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. 1112ஆம் ஆண்டு, சகல புனிதர்களின் திருநாளன்று, யூத்தா என்ற இளம் பிரபுப் பெண்ணோடு டிசிபோடன்பெர்க் மலையிலிருந்த ஆண் துறவிகளின் மடத்தை ஒட்டிய ஒரு சிறு தனியறையில் அடைபட்டார். அப்போது அவருக்கு வயது பதினான்கு.

அந்தக் காலத்து வழக்கம் அது என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்காமல் எடுத்த முடிவு அது. பெரியவரானபின் ஹில்டகார்ட் அவர்களே, பிள்ளையின் சம்மதம் இல்லாமல் மடத்துக்குக் கொடுப்பது சரியல்ல என்று எழுதிவைத்தார். பட்டவர் சொன்ன சொல் அது.

யூத்தாதான் அவருக்குத் திருப்பாடல்களைப் படிக்கவும் பாடவும் கற்றுக்கொடுத்தார். 1136இல் யூத்தா இறந்தபோது அந்தத் தனியறை ஒரு சிறு கன்னியர் மடமாக வளர்ந்திருந்தது. மற்றச் சகோதரிகள் ஹில்டகார்டைத் தலைவியாகத் தெரிந்தெடுத்தார்கள்.

ஆசீர்வாதப்பர் சபை என்றால் என்ன? எங்கள் பள்ளிக்கூடத்து சிஸ்டர்மாரும் அதுதானா?

இல்லை. நாம் வன்னியில் பார்த்துப் பழகிய சிஸ்டர்மார் பெரும்பாலும் பள்ளிக்கூடம், விடுதி, மருந்தகம், வீடு சந்திப்பு என்று வெளியில் வேலை செய்கிறவர்கள். சபை அனுப்புகிற இடத்துக்கெல்லாம் மாறிப் போவார்கள். ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் அப்படியல்ல. ஒரு மடத்தில் சேர்ந்தால் சாகும்வரை அந்த மடம்தான். ‘நிலைத்திருப்பேன்’ என்பதே அவர்கள் கொடுக்கும் வாக்குறுதிகளில் ஒன்று. கீழ்ப்படிவதும், துறவுக்கேற்றபடி வாழ்க்கையை மாற்றிக்கொள்வதும் மற்ற இரண்டு.

ஆசீர்வாதப்பர் இத்தாலியில் நூர்சியா என்ற ஊரில் பிறந்து, 6ஆம் நூற்றாண்டில் மொந்தே கசீனோ மலையில் மடம் கட்டியவர். அவர் எழுதிய ஒழுங்கில் 73 சிறு அதிகாரங்கள். அதன் முதல் சொல் ‘கேள்’. வருகிற விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று ஒரு அதிகாரம் சொல்கிறது. மடத்துக் கருவிகளைப் பீடத்துப் பாத்திரங்களைப்போலக் கவனமாக வைத்திருக்க வேண்டும் என்று இன்னொன்று சொல்கிறது. மண்வெட்டியும் கத்தியும் பூசைக் கிண்ணமும் ஒரே மரியாதைக்குரியவை என்ற அந்த வரியை வாசித்தபோது, வேலை முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவித் துடைத்துச் சுவரில் சாத்துகிற என் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

நாள் முழுக்க அங்கே என்னதான் செய்வார்கள்?

செபம், வேலை, வாசிப்பு. பகலில் ஏழு முறை, இரவில் ஒரு முறை கோயிலில் கூடித் திருப்பாடல்களைப் பாடுவார்கள். ஒரு கிழமைக்குள் 150 திருப்பாடல்களையும் பாடி முடிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. இடையில் தோட்ட வேலை, நூல் நூற்பது, தையல், கையெழுத்துப் பிரதி எடுப்பது, நோயாளிகளைப் பார்ப்பது. சோம்பல் ஆன்மாவுக்கு எதிரி என்று ஆசீர்வாதப்பர் எழுதியிருக்கிறார்.

காட்சி கண்டார் என்கிறீர்கள். சாமி வந்து ஆடுவதுபோலவா?

அவர் சொல்வது வேறு. சிறு வயதிலிருந்தே தனக்குள் ஒரு வெளிச்சம் தெரிந்தது என்கிறார். மயங்கவில்லை, தூங்கவில்லை, கண் திறந்திருக்க, முழு விழிப்பில் ஆன்மாவுக்குள் பார்த்தேன் என்று எழுதுகிறார். அந்த வெளிச்சத்துக்கு ‘உயிருள்ள ஒளியின் நிழல்’ என்று பெயர் வைத்தார். பல வருடம் பயந்து யாரிடமும் பேசாமல் இருந்தார். 1141இல், 42 வயதில், கண்டதை எழுது என்ற கட்டளை வந்தது. அப்போதும் தயங்கினார், நோயில் விழுந்தார், பிறகுதான் எழுதத் தொடங்கினார்.

அது ஒற்றைத் தலைவலியாக இருந்திருக்கலாம் என்று 20ஆம் நூற்றாண்டில் சில மருத்துவ ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒற்றைத் தலைவலிக்காரருக்குக் கண்முன் வெளிச்சப் பொட்டுகள் மின்னுவது உண்டு. ஒரு பையன், “அப்ப அது வருத்தம்தானே ரீச்சர்?” என்றான். வருத்தமாகவும் இருக்கட்டும். தலைவலி உள்ள எல்லோரும் அந்த நூல்களை எழுதவில்லையே. கடவுள் ஒருவருடைய வருத்தத்தின் வழியாகப் பேசமாட்டார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஒரு பெண் எழுதியதை அந்தக் காலத்துச் சாமிமார் விட்டார்களா?

வொல்மார் என்ற துறவி அவருக்கு எழுத்தராக இருந்து, இலத்தீன் இலக்கணத்தைத் திருத்திக் கொடுத்தார். ‘ஷிவியாஸ்’ என்ற முதல் நூலை முடிக்கப் பத்து வருடம் ஆனது. வழிகளை அறிந்துகொள் என்பது அந்தப் பெயரின் பொருள். அது பாதியில் இருந்தபோதே, 1147க்கும் 1148க்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் திரியர் நகரில் கூடிய சங்கத்தில் பாப்பரசர் மூன்றாம் யூஜின் அதிலிருந்து வாசித்து, தொடர்ந்து எழுத அனுமதி கொடுத்தார். அதன்பிறகு ஆயர்களும் அரசர்களும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். பேரரசர் பார்பரோசா 1163இல் அவருடைய மடத்துக்குப் பாதுகாப்புப் பத்திரம் கொடுத்தார். அதே பேரரசர் போட்டிப் பாப்பரசர்களை ஆதரித்தபோது, பத்திரம் தந்தவர் என்று பார்க்காமல் ஹில்டகார்ட் கண்டித்து எழுதினார். அறுபது வயதுக்குப் பிறகு ஆற்றுவழியாகவும் தரைவழியாகவும் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கமும் செய்தார்.

நிலைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுத்தவர் ஏன் மடத்தை விட்டுப் போனார்?

நல்ல கேள்வி. கேட்டவருக்கு வயது பதினொன்று.

அந்தச் சிறு மடத்தில் பெண்களுக்கு இடம் போதவில்லை. ரைன் ஆறும் நாகெ ஆறும் சேருகிற இடத்தில், பிங்கன் நகருக்கு எதிரே, ரூபர்ட்ஸ்பெர்க் என்ற பாழடைந்த மேட்டுக்குப் போகும்படி காட்சி வந்தது என்றார். மடாதிபதி விடவில்லை. இவர்களால்தான் அந்த மடத்துக்குப் பெயரும் சீதனச் சொத்தும். ஹில்டகார்ட் படுத்த படுக்கையானார். மடாதிபதி தானே வந்து தூக்கிப் பார்த்தும் அசைக்க முடியவில்லையாம். பயந்துபோய் அனுமதி கொடுத்தார். 1150 அளவில் ஏறக்குறைய இருபது சகோதரிகள் புறப்பட்டார்கள். நிலைத்திருப்பது கட்டடத்தோடு அல்ல, சேர்ந்து வாழ்கிறவர்களோடு என்று அவர் எடுத்துக்கொண்டார் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

போன இடத்தில் எதுவும் இல்லை. வசதியான வீடுகளில் பிறந்த பெண்கள் வறுமைப்பட்டார்கள். முணுமுணுத்தார்கள், சிலர் விட்டுப் போனார்கள். தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டு, ‘இந்த வெட்டையில் எப்படி இருப்பது’ என்று அழுத நாட்கள் எங்கள் ஊரில் வளர்ந்தவர் எல்லோருக்கும் தெரியும். எனவே இந்தப் பகுதியை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கால் நூற்றாண்டுக்குப் பிறகு அங்கே போய்ப் பார்த்த ஒரு துறவி, வேலைசெய்யும் அறைகளுக்கெல்லாம் குழாயில் தண்ணீர் வருகிறது என்று வியந்து எழுதினார். அதைச் சொன்னபோது குடத்தோடு நடந்து பழகிய தாய்மார் தலையாட்டினார்கள்.

1165இல் ஆற்றுக்கு அக்கரையில் ஐபிங்கன் என்ற இடத்தில் இரண்டாவது மடம். கிழமைக்கு இரண்டு முறை தோணியில் கடந்து போய்ப் பார்த்து வருவார்.

என்ன மருந்துகள் எழுதினார்? (பரியாரியார் கேட்டது)

அவருடைய ‘பிசிக்கா’ என்ற நூலில் ஒன்பது பகுதிகள்: செடிகள், நீரும் மண்ணுமாகிய பூதங்கள், மரங்கள், கற்கள், மீன்கள், பறவைகள், விலங்குகள், ஊர்வன, உலோகங்கள். செடிகளுக்கு மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட அதிகாரங்கள். பரியாரியாருக்கு வியப்பு எங்கே வந்தது தெரியுமா? மிளகு, இஞ்சி, கறுவா, சாதிக்காய், சித்தரத்தை எல்லாம் அந்த நூலில் இருக்கின்றன. ரைன் கரையில் மிளகுக்கொடி ஏது? எங்கள் பக்கத்துக் கடல்களிலிருந்து கப்பலிலும் ஒட்டகத்திலும் கைமாறிக் கைமாறி, 850 வருடத்துக்கு முன்னர் அந்த மடத்து மருந்துப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்த சரக்குகள் அவை.

நெஞ்சுப் பகுதியில் நோவு உள்ளவர் சித்தரத்தை சாப்பிட வேண்டும் என்கிறார். பெருஞ்சீரகம் மனதை மகிழ்ச்சியாக்கும், செரிமானம் தரும் என்கிறார். இஞ்சி மெலிந்து வாடியவருக்கு நல்லது, கொழுத்த உடம்புக்காரருக்கு ஆகாது என்கிறார். நம்மிடம் வாதம், பித்தம், கபம் என்று மூன்று. அவர்களிடம் இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும் பித்தம் என்று நான்கு. ஒன்று கூடினாலோ குறைந்தாலோ நோய் என்ற அடிப்படை ஒன்றுதான்.

அப்புறம், இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: நெஞ்சு நோவு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 12ஆம் நூற்றாண்டு நூலை வைத்து யாரும் வைத்தியம் செய்யக்கூடாது. பரியாரியாரும் அதையேதான் சொன்னார்.

‘பசுமை’ பற்றி அடிக்கடி பேசுவாராமே?

‘விரிதித்தாஸ்’ என்பது அவர் விரும்பிய இலத்தீன் சொல். பசுமை, பச்சை பிடிக்கும் உயிர்ச்சக்தி என்று சொல்லலாம். மரத்தில் இருப்பது, உடம்பில் இருப்பது, ஆன்மாவில் இருப்பது எல்லாமே கடவுளிடமிருந்து வரும் அதே பசுமை என்கிறார். பாவத்துக்கு அவர் சொல்லும் உவமை வறட்சி.

இதை நான் புத்தகத்தில் விளங்கிக்கொள்ளவில்லை. செப்டெம்பரில் எங்கள் ஊரைப் பாருங்கள். கச்சான் காற்று அடித்து ஓய்ந்து, குளம் அடி தெரியும். வெடித்த சேற்றில் மாட்டுக் குளம்படிகள் கல்லாகக் கிடக்கும். பாலையும் வீரையும் தவிரக் காடு சாம்பல் நிறம். ஐப்பசியில் முதல் மழை விழுந்து ஒரு கிழமைதான். எங்கே இருந்தது என்று தெரியாமல் நிலம் முழுக்கப் பச்சை. காலபோக நெல் முளைவிடுகிற அந்த நாட்களில் வயல் வரம்பில் நின்றால் அந்தச் சொல் விளங்கும்.

பாட்டெல்லாம் எழுதினாராம். கூத்தும் போட்டாரா?

போட்டார். ‘ஓர்தோ வீர்த்தூத்தும்’ என்ற இசை நாடகத்தில் ஒரு ஆன்மாவுக்காக நற்பண்புகளும் சாத்தானும் போராடுகின்றன. ஆன்மா பாடும், தாழ்மை பாடும், பொறுமை பாடும். சாத்தான் மட்டும் பாடமாட்டான், கத்துவான். இசையே இல்லாதவன் அவன்.

மன்னார்ப் பக்கத்துக் கூத்து பார்த்து வளர்ந்தவள் நான். நம்முடைய கூத்தில் கொடிய அரசனுக்கும் தரு என்கிற பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு. எனவே இது எனக்குப் புதிதாக இருந்தது. தீமைக்குப் பாட்டு வராது என்று ஒரு பெண் 12ஆம் நூற்றாண்டில் மேடையிலேயே காட்டியிருக்கிறார்.

அவருடைய மெட்டுகள் கீழிருந்து திடீரென்று மிக உயரத்துக்கு எழும்பும். பாடக் கடினம். ஆனால் கேட்கலாம், இன்று பல குழுக்கள் பாடிப் பதிவுசெய்திருக்கின்றன.

சிறு பிள்ளைகளுக்குப் பிடித்தது இன்னொன்று: ஆயிரம் சொற்கள் அளவில் ஒரு புதுமொழியும், அதற்குத் தனி எழுத்துகளும் உண்டாக்கினார். அதில் கடவுளுக்கு ‘ஐகோன்ஸ்’. கடவுளில் தொடங்கி, மனிதர், செடி, பறவை என்று இறங்கிப் பூச்சிகளில் முடிகிறது அந்தச் சொற்பட்டியல்.

அவரிடம் பிழையே இல்லையா?

இருந்தது. உயர்குடிப் பெண்களை மட்டுமே தன் மடத்தில் சேர்த்தார். ஆந்தர்நாக் என்ற ஊரின் கன்னியர் தலைவி தென்க்ஸ்விந்த், ஆண்டவர் மீனவரையும் ஏழைகளையும் அல்லவா தெரிந்தெடுத்தார் என்று கேட்டு எழுதினார். ஹில்டகார்ட் கொடுத்த பதில்: மாடு, கழுதை, ஆடு எல்லாவற்றையும் ஒரே பட்டியில் யாராவது அடைப்பார்களா?

இந்தப் பதிலை வாசித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கோயில் வாங்கில்கூட யார் எங்கே இருப்பது என்று சாதி பார்த்த காலம் நம்மிடமும் இருந்தது. இதே நியாயத்தை நம் பாட்டன்மார் வாயாலும் கேட்டிருக்கிறோம். தென்க்ஸ்விந்த் கேட்டது சரி, ஹில்டகார்ட் சொன்னது பிழை. பிள்ளைகளிடம் அப்படியேதான் சொன்னேன். மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொல்லியிருந்தால், பெரியவர்களானபின் அவர்களே கண்டுபிடித்து என்னை நம்பாமல் போவார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ரிக்கார்டிஸ் என்ற இளம் சகோதரியை மகள்போல நேசித்தார். அவர் வேறு மடத்துக்குத் தலைவியாகப் போனபோது, விடமாட்டேன் என்று ஆயர், பாப்பரசர் வரை எழுதினார். பலிக்கவில்லை. அடுத்த வருடமே, 1152இல், ரிக்கார்டிஸ் இறந்துபோனார். திரும்பி வர விரும்பியிருந்தார் என்ற செய்தி பின்னால் வந்தது. அந்தக் கடிதங்களில் ஒரு தாயின் அழுகை இருக்கிறது.

கல்லறைக் கதையை எங்களுக்கும் சொல்லுங்கள். (ஒரு அம்மம்மா கேட்டது)

1178ஆம் ஆண்டு. ஹில்டகார்டுக்கு வயது எண்பது. ஒரு பிரபு இறந்து, ரூபர்ட்ஸ்பெர்க் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் ஒரு காலத்தில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். சாவதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்து, ஒப்புரவாகி, நன்மை (நற்கருணை) வாங்கித்தான் இறந்தார். ஆனால் மைன்ஸ் நகரத்துத் திருச்சபை அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. உடலைத் தோண்டி வெளியே எறி என்று கட்டளை அனுப்பினார்கள். பேராயர் அப்போது இத்தாலியில்.

ஹில்டகார்ட் மறுத்தார். தன் கைத்தடியால் கல்லறைமேல் சிலுவை வரைந்து, யாரும் கண்டுபிடிக்காதபடி அதன் அடையாளத்தையே அழித்துவிட்டார் என்று மரபாகச் சொல்வார்கள்.

தண்டனை வந்தது. மணி அடிக்கக்கூடாது. நன்மை வாங்கக்கூடாது. பாடக்கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் செபத்தை வாசிக்க மட்டும் செய்யலாம். வாழ்நாள் முழுக்கப் பாட்டிலே வாழ்ந்த ஒரு மடத்துக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அவர் கீழ்ப்படிந்தார். பாட்டை நிறுத்தினார், ஆனால் உடலைத் தோண்டவில்லை. தோண்டாமலே மைன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆதாமின் குரலில் பாவத்துக்கு முன் வானதூதரின் இசை இருந்தது. மனிதன் இழந்த அந்த இசையைப் பாடும்போது நினைவுகூருகிறான். ஆன்மாவே இசையால் ஆனது. காரணமில்லாமல் கடவுளின் புகழ்ப்பாட்டை நிறுத்துகிறவர்களுக்கு வானதூதரின் பாடலில் பங்கு கிடைக்காது என்று எச்சரித்தார். சாட்சிகள் தேடப்பட்டார்கள், இறந்தவர் ஒப்புரவானது நிரூபிக்கப்பட்டது. 1179 மார்ச்சில் தடை நீங்கியது. ஆறு மாதத்தில் ஹில்டகார்ட் இறந்தார்.

இதைச் சொல்லி முடித்தபோது யாரும் பேசவில்லை. வழியில் அவசரமாகத் தன் ஆட்களைப் புதைத்துவிட்டு வந்தவர்களும், புதைக்கவே முடியாமல் வந்தவர்களும் இருந்த கூட்டம் அது. அந்த இடத்தை மறுபடி தேடிப் போய்க் காணாமல் திரும்பியவர்களும் இருந்தார்கள். அம்மம்மா மட்டும் சொன்னார்: “கிடத்தினது கிடத்தினதுதான் பிள்ளை. அதைத் தொடக் கூடாது.”

ஹில்டகார்டைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல நேரம் இருந்தால், காட்சிகளை விட்டுவிட்டு நான் இதைத்தான் சொல்வேன்.

இறந்து 800 வருடத்துக்குப் பிறகா புனிதர் ஆக்கினார்கள்?

ஜெர்மனியில் மக்கள் எப்போதோ அவரைப் புனிதராக வணங்கத் தொடங்கிவிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய முறையான விசாரணை முடியாமல் நின்றுபோனது. 2012 மே 10இல் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் அந்த வணக்கத்தை முழுத் திருச்சபைக்கும் உரியதாக்கினார். அதே வருடம் ஒக்டோபர் 7இல் மறைவல்லுநராக, அதாவது முழுத் திருச்சபைக்கும் ஆசிரியராக, அறிவித்தார். அவிலா தெரேசா, சியன்னா கத்தரீன், குழந்தை தெரேசா ஆகியோருக்கு அடுத்து, அந்தப் பட்டம் பெற்ற நான்காவது பெண்.

அவர் எழுதியவை இன்றும் இருக்கின்றனவா?

பெரும்பாலும் இருக்கின்றன. ஒன்று தொலைந்தது. படங்கள் வரைந்த ஷிவியாஸ் கையெழுத்துப் பிரதியைப் பாதுகாப்புக்காக இரண்டாம் உலகப் போரில் டிரெஸ்டன் நகருக்கு அனுப்பினார்கள். 1945இல் அது காணாமல்போய்விட்டது. நல்லவேளை, 1927க்கும் 1933க்கும் இடையில் ஐபிங்கன் கன்னியர்கள் அதைப் பக்கம் பக்கமாகக் கையால் எழுதி, படங்களையும் வரைந்து ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். இன்று நாம் நிறத்தில் பார்ப்பதெல்லாம் அந்தப் பிரதியிலிருந்துதான். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பிரதி எடுக்கும் வேலை ஏன் புனிதமான வேலை என்று தெரியும்.

ரூபர்ட்ஸ்பெர்க் மடமும் 1632இல் போரில் அழிந்தது. ஐபிங்கனுக்கு மேலே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மடத்தில் கன்னியர்கள் இன்றும் பாடுகிறார்கள், திராட்சைத் தோட்டமும் செய்கிறார்கள்.

இலங்கையில் ஆசீர்வாதப்பர் சபை இருக்கிறதா?

ஆண் துறவிகள் இருக்கிறார்கள். சில்வெஸ்திரைன் என்ற கிளையினர் 1845இல் வந்தார்கள்; கண்டிப் பக்கம் அவர்களுடைய பணி பெரியது. அப்புத்தளைக்குச் சுற்றுலா போனவர்கள் அடிசம் மாளிகையைப் பார்த்து, அங்கே பழ ஜாம் வாங்கியிருப்பீர்கள். அது அவர்களுடைய மடம்தான். வடக்கில் இதே மாதிரியான அடைபட்ட செபவாழ்வைப் பார்க்க விரும்பினால் தோலகட்டிச் செபமாலைதாசர் ஆசிரமம் உண்டு. 1928இல் நம் மண்ணிலேயே தொடங்கியது. சபை வேறு, ஆனால் மௌனமும் செபமும் கைவேலையும் அதே.

செப்டெம்பர் 17இல் பங்கில் என்ன செய்யலாம்?

2021இலிருந்து அது திருச்சபையின் பொது நாட்காட்டியில் விருப்ப நினைவு நாள். பங்குத்தந்தையிடம் கேட்டால் அவருடைய நினைவாகப் பூசை வைப்பார். பிள்ளைகளோடு ஒரு திருப்பாடலை இரண்டு அணியாக மாறி மாறிப் பாடலாம்; மடத்தில் அப்படித்தான் பாடுவார்கள். ஒரு மூலிகைச் செடி நடலாம், ஆனால் அந்த மாதத்தில் தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

இந்த வருடம் நாங்கள் மாலை ஐந்து மணிக்குச் சேமக்காலையில் கூடுகிறோம். மண்வெட்டியும் கடகமும் கொண்டு வாருங்கள். பெயர் அழிந்த கல்லறைகளிலிருந்து துப்புரவாக்கத் தொடங்குவோம். வேலை முடிந்ததும் பிள்ளைகள் பாடுவார்கள்.